மேற்படி குழந்தைக்கு வில்லங்கம் ஏதுமில்லை

நான் ஒரு குழந்தையைப் பத்திரம் எழுதிக் கைமாற்றிக் கொடுத்தவன். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கேட்கச் சகிக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது ரூபாய் பத்திரத்தாள், இரண்டு பக்கம், ஒற்றுப்பிழை கிடையாது. எழுதி முடித்ததும் என் நடையை நானே ஒருமுறை மெச்சிக்கொண்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டியதுதான்.

என் தொழிலே அதுதான். கடலூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு கம்ப்யூட்டர். மனையோ வயலோ கைமாறினால் நான் எழுதுவேன். கைமாற ஒன்றும் இல்லாத நாட்களில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். கட்டுரையைவிட என் பத்திரங்களைத்தான் ஜனங்கள் கவனமாகப் படிக்கிறார்கள். வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கும் வாசகர்கள் வேறு எந்த எழுத்தாளனுக்கு உண்டு?

பத்துப் பதினோரு வருஷம் இருக்கும். சிதம்பரத்துப் பக்கத்திலிருந்து லோடு வண்டி ஓட்டும் ஒருவர் வந்தார். அவருடைய அக்காவும் அக்கா புருஷனும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அக்கா மகள், எட்டு வயசு, கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அதன் பக்கத்தில் கடலூரில் தையல்கடை வைத்திருக்கும் புருஷன் பெண்டாட்டி. கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகக் குழந்தை இல்லை.

"இவுங்க புள்ளய எடுத்து வளத்துக்கறாங்க சார். நாளைக்கி எவனும் ஒரு பேச்சு பேசக்கூடாது. ஸ்ட்ராங்கா எழுதிக் குடுங்க" என்றார் தாய்மாமன்.

ஸ்ட்ராங் என்ற வார்த்தை காதில் விழுந்தால் பத்திரம் எழுதுகிறவனுக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டும். தத்து கொடுப்பதற்குச் சட்டம் இருக்கிறது, பெற்றவர்கள் இல்லாத பிள்ளையைத் தாய்மாமன் தாள் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதெல்லாம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். அந்த அரையை ஓரமாக வைத்துவிட்டுக் குறையைக் கொண்டு எழுதினேன். கை பழகிய பாதையில் போயிற்று. "மேற்படி குழந்தையின் பேரில் எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தோன்றின் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பேனாகவும்." சொத்து விவரம் வரவேண்டிய இடத்தில் குழந்தை விவரம்: மாநிறம், உயரம் நாலடி, இடது முழங்காலில் ஒரு மச்சம். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். சத்தமாக ஒருமுறை படித்தும் காட்டினேன். பெஞ்சில் இருந்த பெண், தன் பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டது.

தையல்காரர் வீட்டில் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பள்ளியில் சேர்க்கும்போது பெருமையாக நீட்டியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர் இரண்டு வரி படித்துவிட்டு ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டுக்கு போன் போட்டுவிட்டார். குழந்தைகளுக்கான உதவி எண். அன்றே அந்தப் பெண் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய், அங்கிருந்து தற்காலிகமாக ஒரு இல்லத்துக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் என் கடை வாசலில் ஒரு குடை வந்து நின்றது.

இந்தக் கட்டுரை அந்தக் குடைக்காரரைப் பற்றியது. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தத்தில் இருந்த பெண் ஊழியர். ஊர் ஊராகப் போய் விசாரிப்பது வேலை. பெயரைச் சொல்லமாட்டேன். வெளியாள் காதில் விழும்படி அவர் எந்தக் குழந்தையின் பெயரையும் சொன்னதில்லை, சட்டம் அப்படி. அந்த மரியாதையை அவருக்கே திருப்பித் தருகிறேன்.

குள்ளம். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆண்கள் கட்டும் வாட்ச், அதுவும் முகம் உள்பக்கம் பார்க்கும்படி. தோளில் ஒரு துணிப்பை. உட்காரமாட்டார். டீயை நின்றபடியே பாதி குடித்து, மீதியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுவார். நிற்கும்போதும் கால் ஒன்று மாற்றி ஒன்று தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும், கிளம்பாத பஸ்ஸின் டிரைவர் மாதிரி. ஐந்து நிமிஷம் பேசினால் நமக்கும் எங்கேயோ எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தது போலிருக்கும்.

"இத எழுதினது நீங்கதான சார்?"

ஆமாம் என்றேன். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்த ஒரு நொடியும் உண்டு.

"'தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்'னு போட்டிருக்கீங்க. அப்பிடின்னா என்னா?"

"அது வழக்கமான வாசகம்மா..."

"அர்த்தம் கேட்டேன் சார்."

"தானம் குடுக்கலாம், விக்கலாம், அதுக்கெல்லாம் உரிமை உண்டுன்னு..."

"யார?"

நான் மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பை இடம் மாற்றி வைத்தேன்.

"அஞ்சு கையெழுத்து இருக்குது. எட்டு வயசுப் பொண்ணு உங்க பெஞ்சுலதான் உக்காந்திருந்துச்சு. அதக் கேட்டீங்களா?"

இந்தக் 'கேட்டீங்களா'தான் அவர். மற்றதெல்லாம் உறை. பெரியவர்கள் ஒரு குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைப் பற்றிப் படர்க்கையில் பேசினால் அவருக்கு உடம்பு கூசும். "அவ இங்கதான இருக்கா?" என்பார். பிறகு குந்துவார். முழங்கால் நொடுக்கென்று ஒரு சத்தம் போடும். குழந்தையின் கண்ணுக்கு நேராகத் தன் கண் வந்ததும், "தோள்மேல கை வைக்கலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று தலையாட்டினால் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார்.

ஒருமுறை பஸ்ஸில் அவரோடு போனபோது பார்த்தேன். முன்சீட்டில் ஒரு அம்மா, மடியில் ஐந்து வயதுப் பையன். "ஜன்னல சாத்தட்டுமா? உனக்குக் குளுருதா?" என்று பையனைக் கேட்டார். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். "என்னக் கேக்காம அவன என்னா கேக்கறீங்க? அவனுக்கு என்னா தெரியும்?"

"குளுரு அவனுக்குத்தானம்மா."

பையன் யோசித்து, பாதி சாத்தச் சொன்னான்.

அன்று கடை வாசலில், சட்டப்படி எனக்கு என்ன ஆகும் என்று அவரைக் கேட்டேன். தத்துக்குரிய முறையை விட்டுவிட்டு இப்படிக் குழந்தையைக் கொடுத்தால், வாங்கினால், மூன்று வருஷம் வரை உள்ளே போகலாம் என்றார், டீக்கடையில் வடை விலை சொல்வதுபோல. "நான் குடுக்கவுமில்ல வாங்கவுமில்லியே, எழுதினேன், அவ்ளோதான்" என்றேன். "அதான் சார், குழுவுக்கு வந்து அதயே சொல்லுங்க" என்று தேதி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று அல்ல. எனக்கு என்ன ஆகுமோ என்று. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பலமுறை யோசித்தேன்.

தேதி வந்தது. நான் கிளம்பவில்லை. காலை எட்டரைக்கு செம்மண்டலத்தில் என் வீட்டு கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகக் குடை தெரிந்தது. நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பத்தாவது முடித்துவிட்டு வீட்டிலிருந்த மகளிடம், அப்பா வெளியூர் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

"அப்பா இருக்காராம்மா?"

"வெளியூர் போயிருக்காரு ஆன்ட்டி."

"அப்பிடி சொல்லச் சொன்னாரா?"

"ஆமா ஆன்ட்டி."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளையை வளர்த்ததற்காக நான் அன்று பெருமைப்படவில்லை. வெளியே வந்து சட்டை மாட்டிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் இன்னொரு வேலையும் செய்தார். "பதினொண்ணாவதுல என்னா குரூப்பு?" என்று என் மகளைக் கேட்டார். "பயாலஜி" என்றேன் நான், பித்தான் போட்டபடி.

"அவ இங்கதான சார் இருக்கா."

மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "காமர்ஸ்" என்றாள்.

அவர் பாட்டுக்குக் கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் சட்டிபானை உருண்டது. (மகள் இப்போது ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறாள். என் வருமான வரிக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.)

குழுவின் அறையில் அந்தப் பெண்ணை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தாய்மாமன் ஒரு பக்கம், தையல்காரரும் மனைவியும் ஒரு பக்கம், பத்திரத்தோடு நான் நடுவில். தையல்காரர் மனைவி புதுக் கவுன் ஒன்று தைத்து மடியில் வைத்திருந்தாள். குழுத் தலைவர் வயதானவர், தன்மையானவர். "உனக்கு யாரு கூட இருக்கணும்னு ஆசைம்மா?" என்றார்.

"அவளுக்கு இவுங்களதான் சார் புடிக்கும்" என்றார் தாய்மாமன்.

"எங்க வீட்டு தயிர் சோறுன்னா உசுரு சார் அவளுக்கு. ஒரு நாளு அழுததில்ல" என்றாள் தையல்காரர் மனைவி.

"அவ சொல்லட்டும்" என்றார் நம் குடைக்காரர்.

அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு காலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நாற்காலியின் விளிம்பைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். பத்து நிமிஷம் போயிற்று. ஃபேன் கடகடவென்று சுற்றியது. தலைவர் ஒருமுறை செருமினார். "இன்னம் எவ்ளோ நேரம்மா?"

"அவளுக்கு வேணுங்கிற நேரம் சார்."

அப்போதுதான் அதைக் கவனித்தேன். அவருடைய கால் தரையைத் தட்டவில்லை. நாற்பது நிமிஷம், அந்த மனுஷி அசையாமல் நின்றார். நிலைகொள்ளாமல் மாவட்டம் முழுக்க அலையும் ஒருவர், ஒரு குழந்தை வாய் திறப்பதற்காகக் காத்திருக்கும்போது மட்டும் கற்தூண் ஆகிவிடுவார். எனக்குத்தான் உள்ளங்கால் அரித்தது. அந்தச் சிறுமியின் மௌனத்தைப் பார்த்துக்கொண்டே, நான் இதுவரை படித்த உயர்ந்த நூல்களில் மௌனத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்தேன். சொல்லுக்கு அப்பாற்பட்ட துயரம், பெரியவர்களின் உலகத்தின் மேல் ஒரு குழந்தை வைத்த தீர்ப்பு, இப்படி நாலைந்து வாக்கியம் மனத்துக்குள் தயாராகிவிட்டன. நல்ல வாக்கியங்கள்.

சட்டென்று அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். நேராக அவரிடம் போய்ப் புடவையை இழுத்தாள். அவர் குந்தினார், முழங்கால் நொடுக்கென்றது. காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் வெளியே போனார்கள். திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. வரும்போது அவள் கை அவர் கைக்குள் இருந்தது. அவர் முகம் வேறாக இருந்தது.

"சார், இவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கா. நாலு வயசு" என்றார்.

தாய்மாமன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கையைப் பற்றி வாயைத் திறந்தால் போலீஸ் அவளையும் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லி வைத்திருக்கிறார். மனுஷர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தனக்கு மூன்று பிள்ளைகள், வாடகை வீடு, லோடு கிடைத்தால் உண்டு. எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு இடமாகப் பிரித்து வைத்துவிட்டார், பாகப்பிரிவினை மாதிரி. ஒரு சென்ட் மனைக்கு முப்பது வருஷத்து வில்லங்கம் பார்க்கிறவன் நான். பங்காளி உண்டா, வாரிசு உண்டா, எவனாவது கோர்ட்டில் போட்டிருக்கிறானா என்று குடைந்து குடைந்து கேட்பேன். இந்தப் பெண்ணுக்குக் கூடப்பிறந்தது உண்டா என்று கேட்கவில்லை. "வில்லங்கம் ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், நாலு வயதில் ஒன்று இருக்கும்போது.

மறுநாளே சிதம்பரத்துக்குப் போனோம். அவர், சீருடை இல்லாமல் சுடிதாரில் வந்த ஒரு பெண் போலீஸ், வழிகாட்டத் தாய்மாமன், பத்திரம் எழுதியவன் என்ற முறையில் நான். ஜன்னல் பஞ்சாயத்து நடந்தது அந்த பஸ்ஸில்தான். சிப்காட் நிறுத்தத்தில் ஷிப்ட் முடிந்தவர்கள் ஏறினார்கள். நம்மவர் கிடைத்த சீட்டை யாருக்கோ விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்தபடி வழி முழுக்கக் காலால் தட்டிக்கொண்டே வந்தார். "சீக்கிரம் போவணும். நாலு வயசு. மறந்துடுவா சார்" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சிதம்பரத்தில் இட்லிக்கடை வைத்திருந்தவர்கள் வீடு. குழந்தை சுத்தமாக, குண்டாக, காதில் புதுத் தோடோடு இருந்தது. யாரும் அதை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அவர் குந்தினார். "உன் பேரு என்னா?"

குழந்தை ஒரு பெயர் சொன்னது. பிறகு தயங்கி, "அக்கா வேற பேரு கூப்புடும்" என்றது.

வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். "எல்லாம் பக்காவா எழுதி வாங்கியிருக்கம்மா. ஸ்ட்ராங்கான பத்திரம்."

என்னுடைய பத்திரம். தாய்மாமன் அதை ஜெராக்ஸ் எடுத்து, பெயர் வரும் இடத்திலெல்லாம் வெள்ளை பூசி, பேனாவால் வேறு பெயர் நிரப்பியிருந்தார். மற்றபடி ஒரு எழுத்து மாறவில்லை. என் எழுத்து மறுபதிப்பு கண்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். குழந்தை விவரத்தையும் அவர் திருத்தவில்லை: உயரம் நாலடி, இடது முழங்காலில் ஒரு மச்சம்.

அவர் தாளைப் படித்தார். குழந்தையிடம், "முட்டிய பாக்கட்டுமா?" என்று கேட்டார். அது பெருமையாகக் காட்டியது. மச்சம் இல்லை. விழுந்து ஆறிய தழும்பு ஒன்று இருந்தது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"ஒனக்கு ஒங்க அக்காவப் பாக்கணுமா?"

குழந்தை உடனே போய்ச் செருப்பைத் தேடியது.

கிளம்பும்போது இட்லிக்கடை அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பாவம்மா, நல்லாதான வளத்தாங்க" என்றேன்.

"அழுவட்டும் சார். அழுவறது அவுங்க உரிமை. புள்ள அவுங்க உரிமை இல்ல" என்றார். சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்த வேகத்தில் எனக்கு ஒன்று புரிந்தது: திரும்பிப் பார்த்தால் அவராலும் முடியாது. பஸ்ஸில் குழந்தை, கேட்காமலே அவர் மடியில் ஏறித் தூங்கிவிட்டது. அவர் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கடலூர் வரை காற்றிலேயே வைத்திருந்தார்.

இரண்டு பெண்களும் ஒரே இல்லத்தில் சேர்ந்து இருந்தார்கள். தாய்மாமன் மேல் போட்ட வழக்கில் என்னைச் சாட்சியாக வைத்தார்கள். எதிரியாக வைக்காததற்குத் தயவு காரணமல்ல, சாட்சி வேறு கிடைக்கவில்லை. தையல்காரரும் மனைவியும் வாரா வாரம் போய்ப் பார்த்தார்கள். முறைப்படி மனுப் போட்டு, வீட்டைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து, வெகுநாள் அலைந்து, வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாட்டில் இரண்டு பேரையும் அழைத்துப் போனார்கள். அதற்கு முன்னால் குழு அவர்களைக் கேட்டது. பெரியவளைத் தனியாக, சின்னவளைத் தனியாக. இட்லிக்கடை அம்மாள் ஒவ்வொரு தீபாவளிக்கும் சின்னவளுக்கு வளையல் அனுப்புகிறாள்.

நம்மவரின் ஒப்பந்தம் ஒரு மார்ச் மாதத்தோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கடைசியாகத் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் பார்த்தேன். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிளாட்பாரத்தில் ஒரு குழந்தை அழ, அந்தப் பக்கம் போய்விட்டார். ரயில் வந்து போனபின் குடையைக் காணோம், அவரையும் காணோம். அவர் போனது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இப்போதெல்லாம் பெஞ்சில் ஒரு குழந்தை உட்கார்ந்தால் என் கால் தானாகத் தரையைத் தட்டுகிறது. வீட்டு மனை வாங்க வந்தவர்களின் ஏழு வயது மகனிடம், "ஒனக்கு இந்த ஊரு புடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்றான். ஒரு கிராக்கி போயிற்று.

இதை எழுதி முடித்ததும், அச்சுக்கு அனுப்புமுன் பெரியவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பத்தொன்பது வயது, சிதம்பரத்தில் படிக்கிறாள். கடைக்கு வரச் சொன்னேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். பெயரில்லை, தெருவில்லை, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். "படிங்க மாமா" என்றாள். முழுக்கப் படித்தேன். நாற்பது நிமிஷ மௌனம் வந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். அந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறது என்று என் எண்ணம்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"போட்டுக்கங்க மாமா. ஆனா அன்னிக்கி எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு இருந்துச்சி. வாயத் தொறந்தா பாவாடையிலயே போய்டுவன்னு பயம். அத்தன பேரு என்னென்னமோ கேட்டீங்க, அந்த ஆன்ட்டியுந்தான், அத மட்டும் ஒருத்தரும் கேக்கல. பாத்ரூமுல தாப்பா வேற இல்ல. அவுங்கதான் வெளிய நின்னு கதவப் புடிச்சிக்கிட்டாங்க. உள்ள இருந்துக்கிட்டே சொன்னேன், எனக்கு ஒரு தங்கச்சி இருக்குதுன்னு. மௌனமாம், தீர்ப்பாம்!"